அடியாபாட்டிக்தானே, அப்புறம் எதுக்கு எண்ட்ரோபி ஏறுது?

செகண்ட் இயர் மெக்கானிக்கல் படிக்கிற ஒருத்தர் கேட்ட கேள்வி இது, மத்தவங்களுக்கும் புரியணும்னு மொதல்ல சுருக்கமா போட்டுடறேன். ஒரு பாக்ஸ், நடுவுல ஒரு தடுப்பு, ஒரு பக்கம் ஐடியல் கேஸ், இன்னொரு பக்கம் வேக்யூம், பாக்ஸ் முழுக்க இன்சுலேட் பண்ணியாச்சு. தடுப்பை எடுத்தா கேஸ் பாக்ஸ் முழுக்க பரவிடுது. ஹீட் உள்ள வரல, வெளிய போகல (இதைத்தான் அடியாபாட்டிக்ங்கறது), அப்ப ஹீட்டோட அளவான கியூ பூஜ்யம். எண்ட்ரோபி மாற்றம்னா கியூவை டெம்பரேச்சரால வகுக்கறதுதானே, பூஜ்யத்தை எதால வகுத்தாலும் பூஜ்யம்தானே, ஆனா புக்ல ஆர் எல்என் 2ன்னு (கேஸ் கான்ஸ்டன்ட் × 2ஓட லாக்) ஆன்சர் போட்டிருக்கே, இது எப்படி? இது மொத கேள்வி. ரெண்டாவது, சி.வி (வால்யூம் மாறாம ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஹீட்) வர்ற ஃபார்முலாவை கான்ஸ்டன்ட் பிரஷர் கணக்குக்கும் போடறாங்களே, சி.வின்னாலே கான்ஸ்டன்ட் வால்யூம்தானே, அது எப்படி செல்லும்?

மொத கேள்வியில நானே மாட்டியிருக்கேன், அதனால கொஞ்சம் பாசத்தோடயே பதில் சொல்றேன். வைவால இதே பாக்ஸைத்தான் கேட்டாங்க, நானும் ரொம்ப கான்ஃபிடன்ட்டா "அடியாபாட்டிக் சார், டெல்டா எஸ் ஜீரோ"ன்னேன். எக்ஸ்டர்னலா வந்தவர் திட்டவும் இல்ல, ஃபார்முலா கேட்கவும் இல்ல, "சரி, ஜீரோன்னா முன்னும் பின்னும் ஒண்ணுதானே, இப்ப அந்த கேஸ் தானா பழைய பக்கத்துக்கே திரும்பி போயிடுமா?"ன்னு மட்டும் கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தார். நான் முழிச்சதுதான் மிச்சம்.

விஷயம் எங்க சறுக்குதுன்னா, அந்த கியூ பை டி டெஃபினிஷன்ல ஒரு சின்ன வார்த்தை இருக்கு, ரிவர்சிபிள்னு, அதாவது உள்ளயும் வெளியயும் ஒரு தடமும் இல்லாம வந்த வழியே திருப்பி கொண்டு போகக்கூடியது. 1865ல கிளாசியஸ் எண்ட்ரோபின்னு பேர் வச்சப்பவே அது ரிவர்சிபிளா போற ஹீட்டை வச்சு சொன்ன கணக்குதான். எந்த ப்ராசஸா இருந்தாலும் கியூ பை டி போட்டா போதும்னு அவர் சொல்லவே இல்ல, நிஜமா நடக்கற ப்ராசஸ்ல எண்ட்ரோபி மாற்றம் கியூ பை டியை விட அதிகமா இருக்கும்னுதான் சொன்னார், ரிவர்சிபிள்னா மட்டும் சமம். அதாவது கியூ பை டிங்கறது ஒரு அடிமட்டம், எண்ட்ரோபி மாற்றம் அதுக்கு கீழ போகாதே ஒழிய மேல எவ்வளவு வேணா போகலாம். உங்க பாக்ஸ்ல அடிமட்டம் பூஜ்யம். அதுலருந்து "மாற்றம் மைனஸ்ல போகாது"ன்னு மட்டும்தான் சொல்ல முடியும், பூஜ்யம்னு முடிவு பண்ண முடியாது.

அப்ப நிஜ மாற்றத்தை எப்படி கண்டுபிடிக்கறது? எண்ட்ரோபி ஒரு ஸ்டேட் ப்ராப்பர்ட்டி. ஆரம்பம் எங்க, முடிவு எங்கன்னு மட்டும்தான் அதுக்கு கணக்கு. பழனி மலைக்கு படியில ஏறினாலும் யானைப்பாதையில ஏறினாலும் வின்ச்சுல போனாலும் ஏறின உயரம் ஒண்ணுதான், ஆனா உங்க பாக்கெட்லருந்து போன காசும் மூச்சு வாங்கினதும் வழிக்கு வழி மாறும். ஏறின உயரம்தான் கேஸோட எண்ட்ரோபி மாற்றம், பாக்கெட் கணக்குதான் சரவுண்டிங்ஸ். இந்த ரெண்டு நோட்டையும் போட்டு குழப்பிக்காம இருந்தா இந்த சாப்டர்ல முக்கால்வாசி முடிஞ்சுது.

சரி, நம்பர் போட்டே பாத்துடலாம், அதுக்கு முன்னாடி எழுத்து. டெம்பரேச்சர் டி, பிரஷர் பி, ஒரு கிலோவுக்கான வால்யூம் வி, இன்டர்னல் எனர்ஜி யூ, எண்ட்ரோபி எஸ். காத்துக்கு ஆர் 0.287, சி.வி 0.718, சி.பி (சி.வி மாதிரியே, ஆனா பிரஷர் மாறாம அளந்தது) 1.005, மூணும் கிலோஜூல் பர் கிலோ கெல்வின்ல. எல்என்னா நேச்சுரல் லாக், கால்குலேட்டர்ல இருக்கற பத்தோட லாக் இல்ல (இதுலயும் மார்க் போகும், கவனம்).

பாக்ஸ்ல 1 கிலோ காத்து, 300 கெல்வின். தடுப்பை எடுத்ததும் வால்யூம் டபுள். ஹீட்டும் இல்ல, வேக்யூமை தள்ளறதுக்கு வேலையும் இல்ல, அதனால யூ மாறல, ஐடியல் கேஸ்ங்கறதால டெம்பரேச்சரும் மாறல, முடிவுலயும் 300 கெல்வின்தான். இப்ப இதே ரெண்டு முனைக்கு நடுவுல எனக்கு வசதியான ஒரு ரிவர்சிபிள் வழியை நானே கற்பனை பண்ணிக்கறேன்: காத்தை பிஸ்டன்ல போட்டு, 300 கெல்வின்ல இருக்கற ஒரு பெரிய தண்ணி தொட்டியில வச்சு, மெதுவா, மெதுவா டபுள் ஆகற வரைக்கும் விரியவிடறேன். இதுல காத்து வேலை செய்யும், அந்த வேலைக்கு ஈடான ஹீட் தண்ணியிலருந்து உள்ள வரும். வேலை எவ்வளவுன்னா ஆர் × டி × எல்என் 2, அதாவது 0.287 × 300 × 0.6931, சுமார் 59.7 கிலோஜூல். அதே அளவு ஹீட், அதை 300ஆல வகுத்தா 0.199 கிலோஜூல் பர் கெல்வின். முனை ஒண்ணுங்கறதால உங்க பாக்ஸ்லயும் காத்தோட எண்ட்ரோபி மாற்றம் இதே 0.199தான், ஒரு பைசா கூடவும் இல்ல குறையவும் இல்ல.

வித்தியாசம் வெளிய இருக்கு. பிஸ்டன் வழியில தண்ணி தொட்டி 59.7 கிலோஜூலை இழந்துச்சு, அதோட எண்ட்ரோபி 0.199 குறைஞ்சுது, காத்துக்கு 0.199 ஏறினதும் இதுவும் சேந்து மொத்தம் பூஜ்யம். பாக்ஸ் வழியில வெளியில ஒண்ணுமே நடக்கல, காத்துக்கு மட்டும் 0.199 ஏறிச்சு, மொத்தமும் 0.199. இந்த மொத்தம்தான் செகண்ட் லா கேட்கற கணக்கு, எண்ட்ரோபி ஜெனரேஷன்னு புக்ல வர்றது இதுதான். அதை 300ஆல பெருக்கினா திரும்ப 59.7 கிலோஜூல் வரும், அவ்வளவு வேலையை வாங்கியிருக்கலாம், தடுப்பை சும்மா உருவினதால கோட்டை விட்டுட்டோம். 60 கிலோ ஆளை 100 மீட்டர் உயரத்துக்கு, கிட்டத்தட்ட முப்பது மாடி, தூக்கற அளவு வேலை அது. ஒரு கிலோ காத்துல!

இங்கயே இன்னொரு குழப்பத்தையும் தீத்துடலாம். "பி வி பவர் 1.4 கான்ஸ்டன்ட்"ங்கற ஃபார்முலாவை அடியாபாட்டிக்னு பாத்தவுடனே எடுத்து அடிக்கறாங்க. அது ரிவர்சிபிள் அடியாபாட்டிக்குக்கு மட்டும். அதே காத்தை இன்சுலேட் பண்ண பிஸ்டன்ல மெதுவா டபுள் வால்யூமுக்கு விரியவிட்டா டெம்பரேச்சர் 300 × 0.758, அதாவது 227 கெல்வினுக்கு இறங்கிடும், மைனஸ் 46 டிகிரி செல்சியஸ். ரெண்டுமே அடியாபாட்டிக், ரெண்டுமே டபுள் வால்யூம், ஆனா ஒண்ணு 300ல நிக்குது, ஒண்ணு 227ல நிக்குது. மெதுவா விரிஞ்ச காத்து வேலை செஞ்சு தன்னோட சொந்த எனர்ஜியில 52 கிலோஜூலை செலவு பண்ணியிருக்கு, அதான் சில்லுன்னு ஆயிடுச்சு. வால்யூம் கூடினதால ஏறின எண்ட்ரோபி பிளஸ் 0.199, டெம்பரேச்சர் இறங்கினதால குறைஞ்சது 0.718 × எல்என்(0.758), மைனஸ் 0.199, ரெண்டும் கேன்சல் ஆயி பூஜ்யம். உங்க பாக்ஸ்ல குளிர்ச்சி நடக்கல, அதனால கேன்சல் பண்ண ஆள் இல்ல, வால்யூம் பங்கு அப்படியே நின்னுடுச்சு. நீங்க கேட்டதுக்கு ஒரே வரியில பதில் வேணும்னா இந்த வரிதான்.

ரெண்டாவது கேள்வி, சி.வி சமாச்சாரம். மொதல்ல ஃபார்முலா எங்கருந்து வருதுன்னு பாருங்க. ரிவர்சிபிளா போற ஒரு குட்டி ஸ்டெப்புக்கு ஃபர்ஸ்ட் லாவை எழுதினா, டி × (எஸ் மாற்றம்) = யூ மாற்றம் + பி × (வி மாற்றம்). இந்த வரியில இருக்கற எல்லாமே ப்ராப்பர்ட்டி, கியூவும் இல்ல வேலையும் இல்ல. அதனால ரிவர்சிபிள்னு சொல்லி ஆரம்பிச்சாலும் முடிவுல அது எந்த ப்ராசஸுக்கும் செல்லும், ரெண்டு முனையும் ஈக்விலிப்ரியத்துல இருந்தா போதும். உங்க பாக்ஸ்லயே பாருங்களேன், யூ மாற்றம் பூஜ்யம், அப்ப டி × எஸ் மாற்றமும் பி × வி மாற்றமும் சமம், ஆனா அந்த பி × வி வேலையும் இல்ல (வேலை பூஜ்யம்), அந்த டி × எஸ் ஹீட்டும் இல்ல (ஹீட் பூஜ்யம்). பேர் ரெண்டும் பொய், சமன்பாடு மட்டும் உண்மை. எனக்கு தெர்மோவுல ரொம்ப புடிச்ச இடம் இது.

இப்ப ஐடியல் கேஸ்ல யூ டெம்பரேச்சரை மட்டும்தான் பொறுத்தது. சி.விங்கறதை கான்ஸ்டன்ட் வால்யூம்ல *அளக்கறோம்*, அவ்வளவுதான், அளந்து வந்த நம்பர் யூ டெம்பரேச்சரோட எவ்வளவு ஏறுதுன்னு சொல்லுது. வால்யூம் மாறினாலும் யூ அதை கண்டுக்காதுங்கறதால யூ மாற்றம் = சி.வி × டி மாற்றம், எந்த ப்ராசஸா இருந்தாலும். பேர்ல வால்யூம் இருக்கறதை பாத்து ஏமாந்துடாதீங்க. அதை மேல இருக்கற வரியில போட்டு, பி பை டியை ஆர் பை வின்னு மாத்தி, மொத்தமா கூட்டினா:

எஸ்2 − எஸ்1 = சி.வி × எல்என்(டி2/டி1) + ஆர் × எல்என்(வி2/வி1)

என்தால்பியை (யூ + பி × வி) வச்சு ஆரம்பிச்சா இதோட அண்ணன் தம்பி வரும்:

எஸ்2 − எஸ்1 = சி.பி × எல்என்(டி2/டி1) − ஆர் × எல்என்(பி2/பி1)

ரெண்டும் ஒண்ணேதான், கையில வால்யூம் தெரிஞ்சா மொதலாவது, பிரஷர் தெரிஞ்சா ரெண்டாவது, அவ்வளவுதான் வித்தியாசம். கான்ஸ்டன்ட் பிரஷர்ல 300லருந்து 600 கெல்வினுக்கு சூடு பண்றீங்கன்னு வைங்க. ரெண்டாவது ஃபார்முலாவுல பிரஷர் பங்கு போயிடும், 1.005 × 0.6931 = 0.697. மொதலாவதுல போட்டா வால்யூமும் டபுள் ஆகுதுல்ல, (0.718 + 0.287) × 0.6931, திரும்ப அதே 0.697. சி.பிக்கும் சி.விக்கும் வித்தியாசம் ஆர்ங்கற மேயர் ரிலேஷன்தான் இதுக்கு பின்னாடி இருக்கறது. மேயர் யார்னு நினைக்கறீங்க, கப்பல் டாக்டர்! 1840ல ஜாவாவுக்கு போன கப்பல்ல இருந்தவர், அங்க மாலுமிகளோட சிரை ரத்தம் ஊர்ல பாக்கறதை விட நல்ல செவப்பா இருந்ததை பாத்து உடம்புச் சூட்டை பத்தி யோசிக்க ஆரம்பிச்சு, 1842ல ஹீட்டும் வேலையும் ஒண்ணுக்கொண்ணு மாறும்ங்கற கணக்குக்கு வந்து சேந்தார், அதுக்கு அவர் யூஸ் பண்ணதே இந்த சி.பி சி.வி வித்தியாசத்தைத்தான்.

யூ வால்யூமை கண்டுக்காதுன்னு எப்படி தெரியும்னு நியாயமா கேட்கலாம். 1845ல ஜூல் உங்க பாக்ஸையேதான் நிஜமா செஞ்சு பாத்தார். ரெண்டு செப்பு பாத்திரம், ஒண்ணுல சுமார் 22 அட்மாஸ்பியர் காத்து, இன்னொண்ணு காலி, ரெண்டையும் தண்ணிக்குள்ள முக்கி வச்சு நடுவுல இருக்கற குழாயை திறந்து விட்டார். தண்ணியோட டெம்பரேச்சர் அசையவே இல்ல. உண்மையில கொஞ்சமே கொஞ்சம் அசைஞ்சிருக்கணும், ஆனா அவ்வளவு தண்ணியையும் செப்பையும் சேத்து குளிர வைக்கற அளவு அது இல்ல, தெர்மாமீட்டருக்கு தெரியல. அப்புறம் 1850கள்ல தாம்சனோட (பின்னாடி கெல்வின் பிரபு ஆனவர்) சேந்து அடைப்பு வழியா காத்தை தள்ளி பாத்தப்ப அந்த குட்டி குளிர்ச்சி தெரிஞ்சுது. நிஜ கேஸ் ஐடியல் இல்லங்கறதுக்கான அந்த குட்டி அத்தாட்சியை வச்சுத்தான் 1895ல லிண்டே காத்தை தொழிற்சாலை அளவுல திரவமாக்கினார். காத்து நிஜமாவே ஐடியலா இருந்திருந்தா அந்த மெஷின் ஓடியிருக்காது, வால்வு வழியா எவ்வளவு விட்டாலும் டெம்பரேச்சர் இறங்காது.

இப்ப கண்ணால பாக்கற ஒரு எடத்துக்கு வருவோம். பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஓடும்போது சிலிண்டர் ஹெட்லருந்து டேங்குக்கு போற செப்பு குழாயை பாத்திருக்கீங்களா, தொட்டா கை வெந்துடும், ஆனா அதே காத்து கொஞ்ச நேரம் டேங்க்ல கிடந்துட்டு ஹோஸ் வழியா வரும்போது சாதா சூட்டுலதான் இருக்கும். அந்த குழாயில போற காத்துக்கு எண்ட்ரோபி கணக்கு போடலாம். 300 கெல்வின், 100 கிலோபாஸ்கல்லருந்து 800 கிலோபாஸ்கலுக்கு அமுக்கறோம். ரிவர்சிபிள் அடியாபாட்டிக்கா அமுக்கினா எஸ் மாற்றம் பூஜ்யம், அதுலருந்து டி2 543 கெல்வின்னு வரும், 270 டிகிரி செல்சியஸ். குழாய் ஏன் சுடுதுன்னு இப்ப தெரியுதா.

நல்லா இன்சுலேட் பண்ண ஒரு கம்ப்ரஸர்ல நிஜமா அளந்தா 590 கெல்வின்னு வருதுன்னு வச்சுக்குவோம். 1.005 × எல்என்(590/300) = 0.680, அதுலருந்து 0.287 × எல்என் 8 = 0.597ஐ கழிச்சா பிளஸ் 0.083. கியூ பூஜ்யம்தான், ஆனாலும் ஏறியிருக்கு, உரசல், வால்வுல காத்து திணறி போறது, இதெல்லாம் சேந்த பில் அது. ஐசென்ட்ரோபிக் (எண்ட்ரோபி மாறாத) எஃபிஷியன்சி, அதாவது எண்ட்ரோபி மாறாம அமுக்கினா ஆகற வேலையை நிஜ வேலையால வகுக்கறது, கேட்டா (543 − 300)/(590 − 300), சுமார் 84 சதவீதம்.

அடுத்தது இன்னொரு கம்ப்ரஸர், இதுல ஃபின் வச்சு, ஃபேன் அடிச்சு, அமுக்கும்போதே குளிர வைக்கறாங்க, அவுட்லெட்ல 500 கெல்வின்தான் இருக்கு. 1.005 × எல்என்(500/300) = 0.513, கழித்தல் 0.597, ஆன்சர் மைனஸ் 0.083. மைனஸ் வந்தவுடனே பசங்க பயந்து போய் அழிச்சுட்டு திரும்ப போடறாங்க, எண்ட்ரோபி குறையவே கூடாதுன்னு யாரோ சொல்லி வச்சுட்டாங்க. கேஸோட எண்ட்ரோபி தாராளமா குறையலாம், ஹீட் வெளிய போச்சுல்ல, அதோட சேந்து எண்ட்ரோபியும் வெளிய போச்சு. குறையக்கூடாதது மொத்தம். இதை வச்சு ஒரு உபயோகமான செக் கூட பண்ணலாம்: சுத்துப்புறம் 300 கெல்வின்னா, ஒரு கிலோவுக்கு குறைஞ்சது 300 × 0.083, 25 கிலோஜூல் ஹீட் வெளிய போயே ஆகணும், உங்க ரீடிங்ல அதை விட கம்மியா வந்தா தெர்மாமீட்டரோ பிரஷர் கேஜோ பொய் சொல்லுதுன்னு அர்த்தம். இதுலருந்தே இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, உரசலால ஏறினதும் குளிர்ச்சியால குறைஞ்சதும் சரியா சமமாயிட்டா 543லயே வெளிய வரும், எஸ் மாற்றம் பூஜ்யம், ஆனா அது அடியாபாட்டிக்கும் இல்ல ரிவர்சிபிளும் இல்ல. ஐசென்ட்ரோபிக்னா கண்டிப்பா அடியாபாட்டிக்குன்னு நினைக்கறதும் தப்புதான்.

ஏர் லைன்ல "ஸ்ஸ்ஸ்"னு லீக் சத்தம் கேட்டா எனக்கு உங்க பாக்ஸ்தான் ஞாபகம் வரும், ரெண்டும் ஒரே குற்றம். 800 கிலோபாஸ்கல்லருந்து 100க்கு ஓட்டை வழியா போகுது, ஐடியல் கேஸ்ங்கறதால கடைசியில டெம்பரேச்சர் அதே 300, எண்ட்ரோபி ஒரு கிலோவுக்கு ஆர் × எல்என் 8, 0.597 ஏறுது. 300ஆல பெருக்குங்க, 179 கிலோஜூல். இருபது கிலோ காத்து, அதாவது வெளிக்காத்தா பாத்தா சுமார் 17 கன மீட்டர், ஒரு சின்ன ரூம் நிறைய, லீக் ஆச்சுன்னா ஒரு யூனிட் கரண்ட் போச்சு, அதுவும் ரொம்ப ரொம்ப நல்ல கம்ப்ரஸர்னு வச்சு போட்ட கணக்கு, நிஜத்துல இதை விட அதிகம். நான் பிளான்ட்ல வேலை பாத்தப்ப லீக்கை அடைக்கச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், "காத்துதானே சார்"னுவாங்க.

கடைசியில வர்ற ஆர் எல்என் 2ங்கறதை ஹீட் பேச்சே இல்லாம வேற வழியிலயும் கொண்டு வரலாம், அதையும் சொல்லிடறேன். தடுப்பை எடுத்தா ஒவ்வொரு மாலிக்யூலுக்கும் இருக்க ரெண்டு மடங்கு இடம். ஒரு மாலிக்யூலுக்கு வழிகள் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா பத்து மாலிக்யூலுக்கு 2 பவர் 10, 1024 மடங்கு. ஒரு மோலுக்கு 6.022 × 10 பவர் 23 மாலிக்யூல், 2ஐ அத்தனை தடவை பெருக்கணும். வியன்னா மத்திய கல்லறையில போல்ட்ஸ்மன் கல்லறை மேல செதுக்கியிருக்காங்களே, எஸ் = கே லாக் டபிள்யூன்னு (அந்த வடிவத்துல எழுதினது பிளாங்க், அது வேற கதை), அதுல கே போல்ட்ஸ்மன் கான்ஸ்டன்ட், டபிள்யூ வழிகளோட எண்ணிக்கை, போட்டா கே × மாலிக்யூல் எண்ணிக்கை × எல்என் 2, கேவையும் அந்த எண்ணிக்கையையும் பெருக்கினா வர்றதுதான் ஆர் (இது மோல் கணக்கு ஆர், 8.314), ஆக ஒரு மோலுக்கு ஆர் எல்என் 2, 5.76 ஜூல் பர் கெல்வின். வைவால என்னை கேட்டாரே, திரும்பி போகுமான்னு, அதுக்கு பதிலும் இதுலயே இருக்கு. பத்தே பத்து மாலிக்யூல்னா எல்லாம் தற்செயலா பழைய பக்கம் சேர 1024ல ஒரு வாய்ப்பு, உக்காந்து பாத்துட்டு இருந்தா நடக்கும். நூறுன்னா 1 பக்கத்துல முப்பது சைபர் போட்டு அதுல ஒண்ணு. ஒரு மோலுக்கு எழுத பேப்பர் பத்தாது.

தடுப்புக்கு ரெண்டு பக்கமும் கேஸ் இருந்தா? ஒரு பக்கம் ஒரு மோல் நைட்ரஜன், இன்னொரு பக்கம் ஒரு மோல் ஆர்கான், ஒரே டெம்பரேச்சர், ஒரே பிரஷர். தடுப்பை எடுத்தா ஒவ்வொண்ணும் மத்தது இல்லாத மாதிரியே டபுள் வால்யூமுக்கு பரவும், மொத்தம் 2 × 5.76, 11.5 ஜூல் பர் கெல்வின் ஏறும். ரெண்டு பக்கமும் நைட்ரஜனே இருந்தா? பூஜ்யம். இங்க நிறைய பேர் பழக்கதோஷத்துல 11.5 போட்டுடறாங்க. அதே டெம்பரேச்சர் அதே பிரஷர்ல இருக்கற அதே கேஸ், ஒரு மோலுக்கான எண்ட்ரோபி முன்னும் பின்னும் ஒண்ணு, தடுப்பை திரும்ப வச்சா பழைய நிலைமை அப்படியே வந்துடும். கிப்ஸ் பாரடாக்ஸ்னு இதைத்தான் சொல்றாங்க, மாலிக்யூல்களுக்கு பேர் எழுதி ஒட்டின மாதிரி தனித்தனியா எண்ணினாத்தான் அந்த பாரடாக்ஸே வருது.

எக்ஸாம் பக்கம் கொஞ்சம். டெம்பரேச்சரை கெல்வின்ல போடுங்கன்னு சொன்னா சின்ன புள்ளத்தனமா தெரியும், ஆனா 27 டிகிரியிலருந்து 327 டிகிரிக்கு சூடு பண்ணின கணக்குல எல்என்(327/27) போட்டு 2.49 கொண்டு வந்த பேப்பரை நான் திருத்தியிருக்கேன், வர வேண்டியது எல்என்(600/300), 0.693. வித்தியாசம் கண்டுபிடிக்கறப்ப செல்சியஸும் கெல்வினும் ஒண்ணு, விகிதம்னு வந்துட்டா ஒண்ணு இல்ல. பிரஷரும் அப்படித்தான், கேஜ் காட்டறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுன்னு, கேஜ்ல 7 பார்னா நிஜத்துல சுமார் 8. ஆரம்ப பிரஷருக்கு கேஜ் ரீடிங்கான பூஜ்யத்தையே போட்டு வகுத்தா கால்குலேட்டர் மேத் எரர்னு கத்தும், அது கத்தறது நல்லதுதான், கத்தாத தப்புதான் ஆபத்து. கிலோ கணக்குல 8.314 போடறது, சி.பியை கிலோஜூல்லயும் ஆரை ஜூல்லயும் போடறது, இதெல்லாம் சொல்லவே வேணாம்.

டெம்பரேச்சர் ரொம்ப மாறினா சி.பி கான்ஸ்டன்ட் இல்லங்கறதையும் மறக்காதீங்க. காத்துக்கு 300 கெல்வின்ல 1.005 இருக்கற சி.பி, 1000 கெல்வின்ல 1.14 பக்கம் போயிடும், சூடு ஏற ஏற ஆக்ஸிஜன், நைட்ரஜன் மாலிக்யூல்கள் அதிர ஆரம்பிச்சு எனர்ஜியை வாங்கி வச்சுக்கறதால. கான்ஸ்டன்ட் பிரஷர்ல 300லருந்து 600 போனா கான்ஸ்டன்ட் சி.பி கணக்கு 0.697, ஏர் டேபிள்ல எஸ் ஜீரோன்னு போட்டிருக்கற காலத்தை (column) பாத்தா 2.409 − 1.702 = 0.707, ஒண்ணரை பர்சன்ட் வித்தியாசம், விட்டுத்தள்ளலாம். அதே 1200 வரைக்கும் போனா 1.393 எதிர் 1.477, கிட்டத்தட்ட ஆறு பர்சன்ட், கேஸ் டர்பைன் கணக்குல அதை விடக்கூடாது. ஆனா டேபிள் பாக்கறவங்க ஒரு தப்பு பண்ணுவாங்க, எஸ் ஜீரோவுல டெம்பரேச்சர் பங்கு மட்டும்தான் இருக்கு, பிரஷர் பங்கான ஆர் × எல்என்(பி2/பி1)ஐ நீங்கதான் தனியா கழிக்கணும், டேபிள் பாத்தாச்சு வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டா போச்சு. அதே மாதிரி இந்த ஃபார்முலாவை எடுத்துட்டு அப்சல்யூட் ஜீரோ பக்கம் போகாதீங்க, டி பூஜ்யத்துக்கு போனா எல்என் மைனஸ் இன்ஃபினிட்டிக்கு போகும், அதுக்கு ரொம்ப முன்னாடியே எந்த கேஸும் கேஸா இருக்காது.

இவ்வளவும் புரிஞ்சுதான்னு பாக்க ஒரு கணக்கு தர்றேன். காலி டேங்க், நல்லா இன்சுலேட் பண்ணது, உள்ள வேக்யூம். 300 கெல்வின் காத்து ஓடற ஒரு லைன்ல மாட்டி வால்வை திறக்கறீங்க, டேங்க் பிரஷர் லைன் பிரஷருக்கு வந்ததும் மூடறீங்க. டேங்க்ல டெம்பரேச்சர் என்ன, ஒரு கிலோவுக்கு எண்ட்ரோபி எவ்வளவு ஏறிச்சு? ஹீட் இல்ல, அதனால 300தான்னு உங்க கை எழுத போகும், நிறுத்துங்க, பின்னாடி வர்ற காத்து முன்னாடி இருக்கற காத்தை தள்ளிட்டே இருக்கு, அந்த வேலை எங்க போகும்னு யோசிங்க. லைன்ல இருந்த என்தால்பி டேங்க்ல இன்டர்னல் எனர்ஜியா மாறும், சி.பி × 300 = சி.வி × டி2, டி2 420 கெல்வின், 147 டிகிரி செல்சியஸ். பிரஷர் ஒண்ணுங்கறதால எண்ட்ரோபி 1.005 × எல்என் 1.4, 0.338. முழுசா அடியாபாட்டிக்தான் இதுவும்.